காரணிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஸ் கண்ட்ரோல் ஆய்வில் (நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எடுத்து, முந்தைய பழக்கத்தை ஒப்பிடும் ஆய்வு) இறங்கும் முதுகலை மாணவர்கள், களத்தில் நோய்ப்பரவலை விசாரிக்கும் சுகாதாரப் பணியாளர்கள், நாளிதழில் ‘இதைச் சாப்பிட்டால் புற்றுநோய்’ என்று படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. முடிந்தவரை ஒரே தரவை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறது. ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நடத்தி 1950-ல் வெளியிட்ட புகைப்பழக்கம், நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஆய்வு அது. மடக்கை பட்டன் உள்ள கால்குலேட்டர் ஒன்று இருந்தால் எல்லாக் கணக்கையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

1. ஒரு பழக்கத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்கான்னு பார்க்கணும். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

வரையறையிலிருந்து. யாரை நோயாளி என்று எடுப்பீர்கள், யாரைப் பழக்கம் உள்ளவர் என்பீர்கள் என்ற இரண்டையும் ஒரு படிவம்கூட நிரப்புவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். டால், ஹில் ஆய்வில் தினம் ஒரு சிகரெட் வீதம் ஓராண்டாவது புகைத்தவர் ‘புகைத்தவர்’. அதற்குக் குறைந்தால் ‘புகைக்காதவர்’. மிகத் தாழ்வான கோடு இது. அதன் விளைவை 12-ம் கேள்வியில் பார்க்கலாம்.

அடுத்து, காலம். இருமல் வந்த பிறகு சிகரெட்டை விட்டவரை ‘இப்போது புகைக்கவில்லை’ என்று குறித்தால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். முதல் அறிகுறி தோன்றிய நாளுக்கு முன் என்ன பழக்கம் இருந்தது என்பதுதான் கேள்வி. கண்ட்ரோலுக்கும் (ஒப்பிட எடுக்கும், அந்த நோய் இல்லாதவர்) அதே போல ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய பழக்கத்தைக் கேட்க வேண்டும்.

2. நோயாளிகள்ல நூத்துக்கு தொண்ணூத்தொன்பது பேர் புகைச்சவங்க. இதுவே போதாதா?

போதாது. அந்த ஆய்வின் ஆண்கள் பகுதி இது:

| | புகைத்தவர் | புகைக்காதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| நுரையீரல் புற்றுநோய் (கேஸ்) | 647 | 2 | 649 |
| வேறு நோயாளிகள் (கண்ட்ரோல்) | 622 | 27 | 649 |

கேஸ்களில் 99.7% பேர் புகைத்தவர்கள். கேட்கவே அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் கண்ட்ரோல்களிலும் 95.8% பேர் புகைத்தவர்களே. அக்காலத்து லண்டன் ஆண்களில் புகைக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கீழ் வரிசை இல்லாமல் மேல் வரிசைக்குப் பொருள் கிடையாது. இங்கே செய்தி ஒளிந்திருப்பது புகைத்தவர் பத்தியில் அல்ல, 2, 27 என்ற அந்தச் சின்னப் பத்தியில்.

3. கேஸ் கண்ட்ரோல் செய்யணுமா, கோஹார்ட் செய்யணுமா?

கோஹார்ட்டில் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று முதலில் பிரித்து, யாருக்கு நோய் வருகிறது என்று பின்தொடர்வோம். கேஸ் கண்ட்ரோலில் நோய் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் பின்னோக்கிப் பழக்கத்தை விசாரிப்போம். நோய் அரிதானது, வர 20, 30 ஆண்டுகள் ஆகும் என்றால் கேஸ் கண்ட்ரோல். காரணி அரிதானது (ஒரு குறிப்பிட்ட ஆலையின் தூசி என்று வையுங்கள்) என்றால் கோஹார்ட். ஒரே காரணி பல நோய்களைத் தருமா என்று பார்க்கவும் கோஹார்ட்தான்.

பழைய கோஹார்ட் கணக்கு ஒன்று, 1854 லண்டன் காலராவில் ஜான் ஸ்நோ போட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி தண்ணீர் கொடுத்த 40,046 வீடுகளில் 1,263 மரணம். லாம்பெத் கம்பெனியின் 26,107 வீடுகளில் 98 மரணம். 10,000 வீட்டுக்கு முன்னதில் 315, பின்னதில் 37.5. ஏறத்தாழ 8.4 மடங்கு. வகுத்தல் ஒன்றைத் தவிர வேறு கணக்கே இல்லை. எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொண்டதில்தான் உழைப்பு இருக்கிறது.

டால், ஹில் இரண்டு வழியிலும் போனார்கள். 1950 ஆய்வு வெளிவந்ததும் பலர் நம்பவில்லை. 1951-ல் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கே கடிதம் எழுதிப் பழக்கத்தைக் கேட்டு, 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். அந்தப் பின்தொடர்தல் 50 ஆண்டு ஓடியது.

4. ஆட்ஸ் ரேஷியோவைப் படிப்படியா போட்டுக் காட்டுங்க.

கேஸ்களில் பழக்கம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள விகிதம், கண்ட்ரோல்களில் உள்ள அதே விகிதத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் ஆட்ஸ் ரேஷியோ. 1 வந்தால் தொடர்பு இல்லை. 2-ம் கேள்வி அட்டவணையை எடுங்கள். இடமேல், வலக்கீழ் கட்டங்களைப் பெருக்கினால் 647 × 27 = 17,469. மற்ற இரண்டைப் பெருக்கினால் 2 × 622 = 1,244. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 14.04.

தவறு நடப்பது பெரும்பாலும் அட்டவணையை நிரப்பும்போதுதான். வரிசையில் கேஸும் கண்ட்ரோலும் இடம் மாறினால் 0.07 வரும். அதாவது புகைத்தால் புற்றுநோய் வராது என்று ஆகிவிடும். மென்பொருளில் ‘ஆம்’ என்பதற்கு 1, ‘இல்லை’ என்பதற்கு 2 என்று குறியீடு கொடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். விடை 1-க்குக் கீழே போனால் முதலில் குறியீட்டைப் பாருங்கள், கண்டுபிடிப்பைப் பிறகு கொண்டாடலாம்.

5. கேஸ் கண்ட்ரோலில் ரிஸ்க் ரேஷியோ ஏன் போடக்கூடாதுன்னு சொல்றாங்க? கணக்கு வருதே?

கணக்கு வரும், பொருள் வராது. பழக்கம் உள்ளவர்களில் நோய் வந்தவர் சதவீதத்தை, பழக்கம் இல்லாதவர்களில் நோய் வந்தவர் சதவீதத்தால் வகுப்பதுதான் ரிஸ்க் ரேஷியோ. மேலே உள்ள அட்டவணையில் புகைத்தவர் 1,269 பேரில் 647 பேருக்குப் புற்றுநோய், அதாவது 51%. புகைத்தவர்களில் பாதிப் பேருக்கு நுரையீரல் புற்றுநோயா? இல்லவே இல்லை. கேஸுக்குச் சமமாகக் கண்ட்ரோலை ஆய்வாளர் எடுத்ததால் வந்த 51% இது. அதை வைத்து ரிஸ்க் ரேஷியோ போட்டால் 7.4 வருகிறது. கண்ட்ரோலை அதே விகிதத்தில் இரட்டிப்பாக்கினால் (1,244-ம் 54-ம்) அதே கணக்கு 9.6 என்கிறது. ஊரில் எதுவும் மாறவில்லை, நாம் எடுத்த ஆட்களின் எண்ணிக்கைதான் மாறியது. ஆட்ஸ் ரேஷியோ இரண்டு முறையும் 14.04 தான்.

நோய் அரிதாக இருந்தால் ஆட்ஸ் ரேஷியோவும் ரிஸ்க் ரேஷியோவும் கிட்டத்தட்ட ஒன்று. நோய் சகஜமாக இருந்தால் விலகிப் போகும். கல்யாண வீட்டில் ஒரு பதார்த்தத்தைச் சாப்பிட்ட 100 பேரில் 60 பேருக்கும் சாப்பிடாத 100 பேரில் 30 பேருக்கும் வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். ரிஸ்க் ரேஷியோ 2. ஆட்ஸ் ரேஷியோ 3.5. இங்கே விருந்தினர் எல்லோரும் கணக்கில் இருப்பதால் ரிஸ்க் ரேஷியோவையே கொடுக்க வேண்டும். 3.5-ஐ எழுதிவிட்டு ‘மூன்றரை மடங்கு ஆபத்து’ என்று சொல்வது தவறு.

6. கை ஸ்கொயர் உண்மையில என்ன செய்யுது? ஒரு கட்டத்துல 2 தான் இருக்கு, போடலாமா?

தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று முதலில் பார்க்கும். புகைக்காதவர் மொத்தம் 29. கேஸும் கண்ட்ரோலும் சம எண்ணிக்கை. ஆகவே ஆளுக்கு 14.5 வர வேண்டும். உண்மையில் வந்தது 2-ம் 27-ம். புகைத்தவர் பக்கம் எதிர்பார்த்தது 634.5, வந்தது 647-ம் 622-ம். எல்லாக் கட்டத்திலும் வித்தியாசம் 12.5. அதன் வர்க்கம் 156.25. இதை ஒவ்வொரு கட்டத்தின் எதிர்பார்ப்பாலும் வகுத்துக் கூட்டினால் 22.04. இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு 3.84-ஐத் தாண்டினாலே பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசமோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே போய்விடும்.

‘கட்டத்தில் 5-க்குக் குறைவாக இருந்தால் கை ஸ்கொயர் கூடாது’ என்று பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அதிகம். 5 இருக்க வேண்டியது எதிர்பார்க்கும் எண்ணிக்கையில். இங்கே மிகக் குறைந்த எதிர்பார்ப்பு 14.5, ஆகவே தாராளமாகப் போடலாம்.

7. பி மதிப்பு 0.001-க்கும் கீழே. அப்போ தொடர்பு ரொம்ப வலுவானதுன்னு எழுதலாம்ல?

எழுதக்கூடாது. வலுவைச் சொல்வது ஆட்ஸ் ரேஷியோ. பி மதிப்பில் வலுவும் ஆள் எண்ணிக்கையும் கலந்து கிடக்கின்றன. 1.05 என்ற சொற்ப விகிதமும் லட்சக்கணக்கான ஆட்கள் இருந்தால் 0.001-க்குக் கீழே போகும். ஆகவே 95% நம்பிக்கை இடைவெளியை (உண்மையான மதிப்பு எங்கிருந்து எங்கு வரை இருக்கலாம் என்ற எல்லை) கொடுங்கள்.

போடும் முறை: நான்கு கட்டங்களின் தலைகீழிகளையும் கூட்டுங்கள். 1/647 + 1/2 + 1/622 + 1/27 = 0.540. வர்க்கமூலம் 0.735. அதை 1.96-ஆல் பெருக்கினால் 1.44. 14.04-இன் இயல் மடக்கை 2.64. 1.44-ஐக் கழித்தும் கூட்டியும் வரும் இரண்டு எண்களை மடக்கையிலிருந்து (கால்குலேட்டரில் eˣ பட்டன்) திருப்பினால் 3.3-ம் 59-ம் வரும். ஆட்ஸ் ரேஷியோ 14.0 (3.3 முதல் 59 வரை) என்று எழுத வேண்டும்.

1,298 பேர் இருந்தும் ஏன் இவ்வளவு அகலம்? அந்த 0.540-இல் 0.5 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1/2. புகைக்காத கேஸ்கள் இரண்டே பேர். அட்டவணையின் துல்லியத்தை அதன் மிகச் சிறிய கட்டம் தீர்மானிக்கிறது, மொத்த எண்ணிக்கை அல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

8. ஒரு கட்டத்துல பூஜ்யம் வந்துடுச்சு. எல்லாத்தையும் தூக்கிப் போடணுமா?

வேண்டாம். பூஜ்யம் சில நேரம் மிக வலுவான சான்று. பாஸ்டனில் இளம் பெண்களுக்கு அரிய வகை யோனிப் புற்றுநோய் வந்தது பற்றிய ஆய்வு 1971-ல் வெளியானது. கேஸ் 8, கண்ட்ரோல் 32. கர்ப்பகாலத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மருந்து எடுத்த தாய்மார்கள் கேஸ் பக்கம் 7 பேர், கண்ட்ரோல் பக்கம் ஒருவர்கூட இல்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது. நான்கு கட்டத்திலும் 0.5 கூட்டிக்கொண்டால் 7.5 × 32.5-ஐ 1.5 × 0.5-ஆல் வகுத்து 325 வருகிறது. அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், இடைவெளி மிக அகலமாக இருக்கும். இங்கே கை ஸ்கொயருக்குப் பதிலாக ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் போட வேண்டும். தொடர்பு இல்லையென்றால் மருந்து எடுத்த 7 பேரும் கேஸ் பக்கமே விழ 1.86 கோடி வழிகளில் 8 வழிகள்தான் உண்டு. நாற்பதே பேரை வைத்து நடந்த ஆய்வு ஒரு மருந்தின் தலையெழுத்தை மாற்றியது.

9. எத்தனை பேர் வேணும்? நூறு போதுமா?

கண்ட்ரோல்களில் எத்தனை சதவீதம் பேருக்கு அந்தப் பழக்கம் இருக்கும், எவ்வளவு சின்ன ஆட்ஸ் ரேஷியோவைத் தவறவிடக் கூடாது என்ற இரண்டும் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. கண்ட்ரோல்களில் 20% பேருக்குப் பழக்கம், ஆட்ஸ் ரேஷியோ 2-ஐப் பிடிக்க வேண்டும், திறன் (இருக்கும் தொடர்பைப் பிடிக்கும் வாய்ப்பு) 80%, பிழை வரம்பு (இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 5% என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 170 பேர். பழக்கம் 5% பேருக்குத்தான் என்றால் அதே வேலைக்குச் சுமார் 515 பேர். பழக்கம் அரிதாக ஆக எண்ணிக்கை எகிறும். எல்லோருக்கும் இருக்கும் பழக்கத்துக்கும் இதேதான், 7-ம் கேள்வியில் பார்த்த காரணத்தால்.

கேஸ் கிடைப்பது அரிது, கண்ட்ரோல் தாராளம் என்றால் ஒரு கேஸுக்கு 2, 3, 4 கண்ட்ரோல் எடுக்கலாம். எண்ணற்ற கண்ட்ரோல் எடுத்தால் கிடைக்கும் துல்லியத்தை 100% என்று வைத்தால், ஒன்றுக்கு ஒன்று 50%, இரண்டு 67%, மூன்று 75%, நான்கு 80% தரும். நான்குக்கு மேல் போவது அலைச்சல்தான்.

10. கண்ட்ரோலை பக்கத்து வார்டுலயே எடுத்துக்கலாமா? சுலபமா இருக்கே.

எடுக்கலாம், யோசித்து எடுக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கண்ட்ரோலுக்கு அந்த நோய் வந்திருந்தால் என் கேஸ் பட்டியலுக்குள் வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார் என்றால் அவர் கண்ட்ரோல் ஆக முடியாது. மூன்று மாவட்டம் தாண்டிப் பெரிய மருத்துவமனைக்கு வந்த புற்றுநோயாளிக்கு, அந்த மருத்துவமனைக்கு நடந்தே வரும் உள்ளூர்க்காரர் ஈடாக மாட்டார்.

இரண்டாவது ஆபத்து, கண்ட்ரோலின் நோயே நீங்கள் ஆராயும் பழக்கத்தோடு சம்பந்தப்பட்டிருப்பது. அமெரிக்காவில் 1981-ல் வெளியான ஆய்வு காப்பிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு என்றது. அதன் கண்ட்ரோல்கள் அதே மருத்துவர்களிடம் வந்த வேறு நோயாளிகள். அவர்களில் பலருக்கு வயிறு, குடல் கோளாறு. அப்படிப்பட்டவர்கள் காப்பியைக் குறைத்துவிடுவார்கள். கேஸ்கள் அதிகம் குடித்ததைவிட, கண்ட்ரோல்கள் குறைவாகக் குடித்தது தொடர்பு போலத் தெரிந்திருக்கிறது. பின்னர் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை.

எதிர்த்திசையிலும் நடக்கும். 1950-ன் லண்டன் கண்ட்ரோல்களில் இதய நோயாளிகளும் நெஞ்சுச்சளி நோயாளிகளும் இருந்தால், அவர்களும் புகையால் வந்தவர்களே. கண்ட்ரோல் பக்கம் புகைத்தவர் கூடி, ஆட்ஸ் ரேஷியோ உண்மையைவிடக் குறையும்.

11. நோய் வந்தவர் யோசிச்சு யோசிச்சு எல்லாத்தையும் சொல்வார். நல்லா இருக்கிறவர் ‘ஞாபகம் இல்லை’ம்பார். இதை எப்படிச் சரிக்கட்டுறது?

கணக்கால் சரிக்கட்ட முடியாது. தரவு சேர்க்கும்போதே தடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே சொற்கள், ஒரே அளவு நேரம். பேட்டி எடுப்பவருக்கு எதிரில் இருப்பவர் கேஸா கண்ட்ரோலா என்று தெரியாமல் இருந்தால் மிக நல்லது. மருந்துச்சீட்டு, வேலைப் பதிவேடு போல நோய்க்கு முன்பே எழுதப்பட்ட ஆவணம் கிடைத்தால் நினைவை நம்ப வேண்டியதில்லை.

டால், ஹில் ஆய்வில் இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. பேட்டியின்போது நுரையீரல் புற்றுநோய் என்று கருதப்பட்ட சிலருக்குப் பின்னால் அது இல்லை என்று தெரியவந்தது. பேட்டி எடுத்தவரும் நோயாளியும் புற்றுநோய் என்ற நினைப்பில் பதிலைக் கூட்டியிருந்தால், இவர்களின் பழக்கம் கேஸ்களைப் போல இருந்திருக்க வேண்டும். அது கண்ட்ரோல்களைப் போலவே இருந்தது.

மறதி இரு தரப்பிலும் சமமாக இருந்தால்? ‘ஆம், இல்லை’ என்ற இரு பிரிவுக் காரணியில், ஆட்ஸ் ரேஷியோ பொதுவாக 1-ஐ நோக்கி இழுபடும். இல்லாத தொடர்பைக் காட்டாது, இருக்கும் தொடர்பை மங்கலாக்கும்.

12. ஆண்களுக்கு ஒண்ணு, பெண்களுக்கு வேற ஒண்ணு வருது. ரெண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக் கொடுத்துடலாமா?

அதே ஆய்வின் பெண்கள் கணக்கு: கேஸ் 60 பேரில் 41 பேர் புகைத்தவர், 19 பேர் இல்லை. கண்ட்ரோல் 60 பேரில் 28-ம் 32-ம். ஆட்ஸ் ரேஷியோ 2.5 (1.2 முதல் 5.2 வரை). ஆண்களுக்கு 14.0. இரண்டு அட்டவணையையும் கூட்டி ஒன்றாகப் போட்டால் 3.0 வருகிறது. 1,298 ஆண்களும் 120 பெண்களும் இருக்கும் கணக்கில் விடை பெண்கள் பக்கம் சாய்கிறது! புகைக்காதவர்களில் பெரும்பங்கு பெண்களாக இருந்ததால் வந்த வினை. ஆண், பெண் அடுக்குகளைத் தனித்தனியே வைத்து எடை கொடுத்துச் சேர்க்கும் மான்டல், ஹென்செல் முறையில் 4.5. அது கூட்டும் முறையாகச் சரி, ஆனாலும் அந்த 4.5 ஆணுக்கும் பொருந்தாது, பெண்ணுக்கும் பொருந்தாது.

இரண்டு ஆட்ஸ் ரேஷியோக்களின் மடக்கைகளுடைய வித்தியாசத்தை அதன் பிழையால் (இரு அட்டவணையின் தலைகீழிகளையும் கூட்டி எடுத்த வர்க்கமூலம்) வகுத்தால் 2.1 வருகிறது. 1.96-ஐத் தாண்டுவதால் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். ஆகவே தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பெண்ணுடம்பு புகையைத் தாங்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. 1-ம் கேள்வியில் சொன்ன தாழ்வான கோட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அக்காலப் பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே புகைத்தார்கள். ‘புகைத்தவர்’ என்ற ஒரே பெயருக்குள் ஆண்கள் பக்கம் ஒருவித அளவும் பெண்கள் பக்கம் வேறு அளவும் அடங்கியிருந்தன.

13. அப்போ அளவு வாரியா பிரிச்சுப் பார்க்கணுமா?

முடிந்தால் கட்டாயம். ஆண்களில் தினசரி சிகரெட் கணக்கு (முதல் எண் கேஸ், அடுத்தது கண்ட்ரோல்): 1 முதல் 4 வரை 33, 55. 5 முதல் 14 வரை 250, 293. 15 முதல் 24 வரை 196, 190. 25 முதல் 49 வரை 136, 71. 50-ம் அதற்கு மேலும் 32, 13. ஒவ்வொன்றையும் புகைக்காதவரோடு (2, 27) ஒப்பிட்டால் ஆட்ஸ் ரேஷியோ 8, 12, 14, 26, 33 என்று ஏறுகிறது.

ஆனால் 2 பேர் மட்டுமே உள்ள குழுவை அடிப்படையாக வைத்தால் எல்லா எண்ணும் அந்த இருவரின் தயவில் நிற்கும். 1 முதல் 4 குழுவை அடிப்படையாக்கினால் 1, 1.4, 1.7, 3.2, 4.1. ஏறுமுகம் அப்படியே இருக்கிறது, தரை உறுதியாகிறது. புகைத்தவர்களுக்குள்ளேயே ஏறுவதால் ‘புகைக்காதவர்கள் வேறு ரகம், அதனால்தான் இந்த வித்தியாசம்’ என்ற வாதமும் பலமிழக்கிறது.

14. கன்ஃபவுண்டர்னா என்ன? எல்லா மாறியையும் மென்பொருள்ல போட்டுட்டா சரியாயிடாதா?

கன்ஃபவுண்டர் ஆக மூன்று தகுதி வேண்டும்: ஆராயும் பழக்கத்தோடு சேர்ந்து காணப்பட வேண்டும், தனியாகவே நோயைத் தர வேண்டும், பழக்கத்திலிருந்து நோய்க்குப் போகும் பாதையின் நடுவில் இருக்கக் கூடாது. மதுவும் நுரையீரல் புற்றுநோயும் என்று ஒரு கற்பனைக் கணக்கு. குடித்தவர் கேஸில் 90, கண்ட்ரோலில் 65. குடிக்காதவர் 60, 110. ஆட்ஸ் ரேஷியோ 2.5. இதையே புகைப்பழக்கம் வாரியாகப் பிரியுங்கள். புகைத்தவர்களில் குடித்தவர் 80, 40; குடிக்காதவர் 20, 10. ஆட்ஸ் ரேஷியோ 1. புகைக்காதவர்களில் குடித்தவர் 10, 25. குடிக்காதவர் 40, 100. இதுவும் 1. மதுவின் மேல் விழுந்த பழி முழுக்கப் புகையுடையது. 12-ம் கேள்வியில் அடுக்குக்கு அடுக்கு விடை மாறியது. இங்கே அடுக்குகளில் ஒரே விடை, மொத்தத்தில் வேறு விடை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும் மென்பொருளில் கொட்டுவது மூன்றாவது தகுதியை மீறும். உப்புக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு பார்க்கும்போது ரத்த அழுத்தத்தைச் ‘சரிசெய்தால்’ உப்பு வேலை செய்யும் வழியையே அடைத்துவிட்டு, உப்பு குற்றமற்றது என்று தீர்ப்பு எழுதியது போலாகும்.

15. வயசும் பாலினமும் ஒத்துப்போற மாதிரி ஜோடி ஜோடியா எடுத்தேன். சாதாரண அட்டவணையே போடலாமா?

ஜோடியை உடைக்கக் கூடாது. 100 ஜோடியில் இருவருக்கும் பழக்கம் 40, இருவருக்கும் இல்லை 20, கேஸுக்கு மட்டும் 30, கண்ட்ரோலுக்கு மட்டும் 10 என்று வையுங்கள். ஒத்துப்போன 60 ஜோடி எதையும் சொல்வதில்லை. ஆட்ஸ் ரேஷியோ 30-ஐ 10-ஆல் வகுத்து 3. மெக்நிமர் சோதனை (ஜோடிகளுக்கான கை ஸ்கொயர்): வித்தியாசம் 20-இன் வர்க்கம் 400, கூட்டுத்தொகை 40-ஆல் வகுத்தால் 10. ஜோடியை உடைத்துச் சாதாரண அட்டவணை போட்டால் (70, 30, 50, 50) 2.3 ஆகக் குறைந்துவிடும்.

ஜோடி சேர்த்த குணத்தை அப்புறம் ஆராய முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். வயதால் ஜோடி சேர்த்துவிட்டு வயதுக்கும் நோய்க்கும் தொடர்பு தேடினால் கிடைக்காது. நண்பரைக் கூட்டி வரச்சொல்லிக் கண்ட்ரோல் ஆக்கினால் இருவரின் பழக்கமும் ஒன்றாகிவிடும். அத்தனை ஜோடியும் வீண்.

16. இறந்தவர்களை வச்சு இந்த ஆய்வு செய்ய முடியுமா?

முடியும். புகைப்பழக்கமும் காசநோய் மரணமும் பற்றித் தமிழ்நாட்டில் நடந்து 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு சுமார் 43,000 ஆண்களின் மரணங்களை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டது. நகர்ப்புறத்தில் நடுவயதில் புகைத்தவர்களுக்குக் காசநோய் மரணம் 4.5 மடங்கு (4.0 முதல் 5.0 வரை). 7-ம் கேள்வியின் 3.3 முதல் 59 வரை என்ற அகலத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். புகைக்காதவர்கள் இங்கே ஏராளம்.

இறந்தவரின் பழக்கத்தைக் குடும்பத்தாரிடம்தான் கேட்க முடியும். ‘புகைத்தாரா’ என்றால் மனைவி சரியாகச் சொல்வார். ‘தினம் எத்தனை பீடி’ என்றால் தோராயம்தான். கேள்வியை அந்த அளவோடு நிறுத்துவது நல்லது.

17. தொடர்பு உறுதியாயிடுச்சு. இனி ‘காரணம்’னு எழுதலாமா?

ஒரே ஆய்வை வைத்து எழுதாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்தால் மாரடைப்பு குறைகிறது என்று பெரிய கோஹார்ட்கள் காட்டின. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை 2002-ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் எடுத்தவர்களுக்கு இதய நோய் 29% கூடுதல் என்று அப்போது வந்தது. மாத்திரையைத் தேடி எடுத்த பெண்கள் வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள், எடுக்க ஆரம்பித்த வயதும் வேறு. பீட்டா கரோட்டின் (கேரட் போன்ற காய்களில் உள்ள சத்து) கதையும் இதே. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% கூடியது.

ஒரு தொடர்பைக் காரணம் என்று கொள்ளலாமா என்று எடைபோட ஹில் 1965-ல் ஒன்பது அம்சங்களைக் கொடுத்தார். தேர்வு மதிப்பெண் போல ‘ஒன்பதுக்கு ஆறு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் அதற்காகக் கொடுக்கவில்லை. ‘பழக்கம் நோய்க்கு முன் வந்ததா’ என்ற ஒன்றைத் தவிர மற்ற எதுவும் விதி அல்ல.

18. 14 மடங்கு பெருசு, 1.6 மடங்கு சின்னது. அப்போ 1.6-ஐ விட்டுடலாம்ல?

பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வின் எண்கள்: லட்சம் பேருக்கு ஆண்டுக்கு நுரையீரல் புற்றுநோய் மரணம் புகைக்காதவரில் 10, புகைத்தவரில் 140. இதய ரத்தக்குழாய் நோய் மரணம் 413-ம் 669-ம். மடங்கு 14-ம் 1.6-ம். கழித்துப் பாருங்கள்: 130-ம் 256-ம். புகையால் கூடுதலாக இறப்பவர்கள் இதய நோயில்தான் இரண்டு பங்கு. காரணமா என்று வாதாட மடங்கு வேண்டும். எத்தனை உயிர் என்று திட்டமிடக் கழித்தல் வேண்டும்.

19. இருபது உணவைப் பத்திக் கேட்டேன், ஒண்ணுல மட்டும் பி மதிப்பு 0.03. அதை மட்டும் எழுதிடலாமா?

எந்த உணவுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், இருபது தனித்தனிச் சோதனைகளில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே போக 64% வாய்ப்பு. இருபதையும் அட்டவணையில் காட்டுங்கள். முன்கூட்டியே சந்தேகித்தது எது, தரவைப் பார்த்த பிறகு கண்ணில் பட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். பின்னது வேறு ஆட்களிடம் மறுபடி சோதிக்க வேண்டியது.

20. பி மதிப்பு 0.05-க்கு மேல வந்துடுச்சு. ‘தொடர்பு இல்லை’ன்னு முடிச்சுடலாமா?

இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1.02 (0.93 முதல் 1.12 வரை) என்றால் பெரிய தொடர்பு எதுவும் இல்லை என்று ஓரளவு தைரியமாக எழுதலாம். 1.6 (0.8 முதல் 3.1 வரை) என்றால் ஆபத்து மூன்று மடங்கு வரை இருக்கலாம், சற்றுப் பாதுகாப்பாகவும் இருக்கலாம். அதை ‘தொடர்பு இல்லை’ என்று எழுதுவது பொய். ‘முடிவு சொல்ல இந்த எண்ணிக்கை போதவில்லை’ என்று எழுதி, 9-ம் கேள்வியின் கணக்கைப் போட்டு, எத்தனை பேர் இருந்தால் போதும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்து வருபவருக்கு அந்த எண் உதவும்.